மாணவர் வரைபடமும் நம் கடைவீதியும்



கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் நாலைந்து பேர் ஒரு கடைவீதிக்குள் நுழைந்து, டேப் பிடித்து அளந்து, போட்டோ எடுத்தால் என்ன நடக்கும்? ஆக்கிரமிப்பு எடுக்க ஆள் வந்துவிட்டதோ என்று முதலில் ஒரு பதற்றம். கல்லூரிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும், "ஏதோ படிப்புக்குச் செய்கிறார்கள்" என்று எல்லோரும் தராசுப் பக்கம் திரும்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தெருவின் கதையை முழுதாகச் சொல்லி அனுப்புவதே வணிகருக்கு லாபம் என்பது நம் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஆர்க்கிடெக்சர் பட்டப்படிப்பு 5 ஆண்டு. சந்தை, பேருந்து நிலையம், பூங்கா, குளக்கரை என்று உண்மையான இடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எப்படி இருந்தால் நல்லது என்று வரைந்து காட்டுவது அதில் முக்கியப் பாடம். கட்டடம் மட்டுமல்ல, மரம், நிழல், நடைபாதை, மழைத் தண்ணீர் போகும் வழி எல்லாம் சேர்ந்த லேண்ட்ஸ்கேப் வடிவமைப்பும் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. 'நாசா' என்ற பெயரில் (ராக்கெட் விடும் நாசா அல்ல) இந்திய அளவில் ஆர்க்கிடெக்சர் மாணவர் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் போட்டிகள் நடத்துகிறது. லேண்ட்ஸ்கேப்புக்கென்றே அதில் தனிக் கோப்பை உண்டு. இவ்வளவு உழைப்பும் மதிப்பெண் போட்ட பிறகு பெரும்பாலும் அலமாரிக்குப் போய்விடுகிறது. நல்ல சரக்கு குடோனிலேயே கிடந்து வீணாவது போலத்தான்.

2021-ல் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகு தமிழ்நாட்டில் பல ஊர்களில் சந்தைகளும் பேருந்து நிலையங்களும் புதிதாகக் கட்டப்பட்டன. எந்தத் திட்டமானாலும் வணிகர் காதுக்கு விஷயம் வருவது எப்போது? டெண்டர் விட்ட பிறகு. அதற்குமேல் கொடுக்கும் மனு, லாரியில் சரக்கு ஏறிப் போன பிறகு விலை பேசுவதற்குச் சமம். மாணவர் வரைபடம் டெண்டருக்கு வெகு முன்னால் வருவது. அழித்து அழித்து வரையலாம். செலவு பேப்பரும் பென்சிலும்தான். நம் கோவில்பட்டியில் கூடுதல் பேருந்து நிலையம் கட்டியும் பல பேருந்துகள் உள்ளே வராமல் போன கதை ஊரறிந்தது. சனங்களின் கால் எந்தப் பக்கம் நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கல் வைக்க வேண்டும்.

தெருவில் கைவைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. பிரேசில் நாட்டின் குரிடிபா நகரில் 1972-ல் மேயராக இருந்தவர் ஜெய்மே லெர்னர். அவரே ஒரு ஆர்க்கிடெக்ட். முக்கியக் கடைவீதியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலையைத் தொடங்கி, மூன்றே நாளில் அதை நடைவீதியாக்கிவிட்டார். வணிகர்கள் கொதித்தார்கள். நடந்து வந்த கூட்டம் கடைக்குள் ஏறுவதைப் பார்த்த பிறகு, எதிர்த்தவர்களே திட்டத்தை நீட்டிக்கச் சொன்னார்கள்.

இருந்தாலும் மூன்று நாள் அதிரடியை நாம் ஆதரிக்கவில்லை. சென்னை பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. பக்கத்தில் அடுக்கு வாகன நிறுத்தம் 2021-ல்தான் வந்தது. வண்டிக்கு இடம் முதலில், நடைபாதை அடுத்து என்று வரிசை இருந்தால் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் சிரமம் குறையும். இப்படி வரிசை சொல்ல அனுபவம் உள்ளவர்கள் வணிகர்களே.

மாணவர் வேலை காகிதத்தோடு நிற்க வேண்டியதில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993-ல் 'ரூரல் ஸ்டூடியோ' என்ற பயிற்சியைத் தொடங்கியது. மாணவர்கள் அங்கேயே தங்கி, ஊராரிடம் கேட்டு, வரைந்து, தாங்களே கட்டுகிறார்கள். அந்தப் பகுதியும் நம்மைப் போலவே கறுப்பு மண் பட்டை, பருத்தி விளைந்த பூமி, பணம் புழங்காத ஊர்கள். கிரீன்ஸ்பரோ என்ற சிறு நகரில் ஒரு பொதுப் பூங்காவை ஆண்டுக்கு ஒரு அணியாக, முந்தைய அணி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சீர்செய்தார்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தை உலோக டிரம்களை அடுக்கியே அமைத்தார்கள்.

இனி நம் கரிசல் சீமைக்கு வருவோம். புத்தகத்தில் பார்த்த பச்சைப் புல்தரையையும் நீரூற்றையும் இங்கே வரைந்தால் அது நடக்காத காரியம். தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வந்துதான் நாம் குடிக்கிறோம். புல்லுக்கு ஊற்ற எங்கே போவது? கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் நம் மண், ஐப்பசி மழையில் ஊறி உப்பித் தளத்தையே தூக்கிவிடும். குடோன் கட்டியவர்களுக்கு இது தெரியும். கரிசலை ஆழத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் போடாமல் பதித்த கல் சில மழைக்குள் மேடு பள்ளமாகும். வேம்பும் புங்கனும் பூவரசும் நின்று நிழல் கொடுக்கும். எந்த மரம் எங்கே நிற்கும் என்று ஆலோசனை கேட்க, 1901-லிருந்து மானாவாரி விவசாயத்துக்கு வழிகாட்டும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறது.

மண்ணைப் போலவே தெருவின் நேரமும் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். விடியற்காலை லாரி எங்கே நிற்கிறது, மூட்டை இறக்க எத்தனை அடி வேண்டும், உளுந்தும் பாசியும் வத்தலும் வரும் மாதங்களில் நெரிசல் எப்படி, செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவில் கூட்டம் எந்த வழி போகிறது, இவையெல்லாம் மத்தியானம் வந்து அளக்கும் மாணவர் கண்ணில் படாது. சொன்னால் வரைபடத்தில் ஏறும். சொல்லாவிட்டால் லோடு இறக்கும் இடத்தில் பூச்செடி வரும்.

"கடையைப் பின்னுக்குத் தள்ளி வரைந்துவிட்டால் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். மாணவர் வரைபடத்துக்குச் சட்டபலம் கிடையாது. ஆபத்தைக் காகிதத்தில் பார்ப்பது கடப்பாறையோடு பார்ப்பதை விட மேல். "பார்க்கிங் கிடைத்தால் போதும், மற்றது எதற்கு?" என்றும் கேட்கலாம். கழுகுமலையிலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து மாதச் சாமான் வாங்கும் தாய்மார்களுக்குக் கார் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பையை இறக்கி வைக்க ஒரு திண்ணை, நிழல், குடிதண்ணீர், சுத்தமான கழிப்பிடம். இவை இல்லாத வீதியில் வாங்க வந்தவர் பாதிச் சீட்டோடு திரும்பிவிடுவார். பெரிய கடைகளில் ஏசி இருக்கிறது. போனில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே வருகிறது. அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதுதான் தெரு. அந்தத் தெருவும் நிற்க முடியாததாகிவிட்டால் நம் கையில் மிஞ்சுவது என்ன?

நடைபாதையில் பூவும் வெள்ளரிப் பிஞ்சும் விற்பவர்களுக்கும் வரைபடத்தில் இடம் வேண்டும். அவர்களைப் பாதுகாக்க 2014-லேயே சட்டம் வந்திருக்கிறது. அவர்களைத் தேடி வரும் கூட்டமும் நம் கூட்டமே.

ஆகவே நம் சங்கத்துக்கு நாம் வைக்கும் யோசனைகள்:

1. கட்டடக்கலைக் கல்லூரிகளுக்குச் சங்கமே கடிதம் எழுதி, நம் கடைவீதியை மாணவர் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ள அழைக்க வேண்டும். தங்க இடமும் சாப்பாடும் நம் பொறுப்பு.

2. லோடு நேரம், கூட்ட நாள், தண்ணீர் தேங்கும் இடம் ஆகியவற்றைத் தெரு வாரியாக எழுதி மாணவர் கையில் கொடுக்க வேண்டும். சுமை தூக்கும் தொழிலாளர்களையும் பெண் வாடிக்கையாளர்களையும் கேட்டு எழுத வேண்டும்.

3. தயாரான வரைபடங்களை மே 5 வணிகர் தினத்தன்று பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும்.

4. தேறியதை அனுபவமுள்ள பொறியாளரிடம் காட்டி மதிப்பீடு வாங்கி, சங்கத் தீர்மானத்துடன் நகராட்சியிடம் கொடுக்க வேண்டும். முதலில் ஒரு தெருமுனை, நாலு மரம், ஒரு திண்ணை, ஒரு கழிப்பிடம் போதும்.

சாம்பிள் பார்க்காமல் நாம் ஒரு மூட்டை துவரம்பருப்புக்கூட எடுப்பதில்லை. ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் வீதிக்குச் சாம்பிள் வரைந்து தரப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். அடுத்த செயற்குழுவிலேயே இதைப் பேசி முடிவெடுப்போம்.