ஒரே ஒரு ஸ்க்ரூ!

"டிவிடி டிரைவா? இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் சார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?"

இப்படிக் கேட்ட மேதாவி வேறு யாருமில்லை, அடியேன்தான். போன வருஷம், ஆபீசில், பத்துப் பேர் எதிரில். வாய்க் கொழுப்பு.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறவன் நான். 2012-ல் தவணையில் வாங்கிய லேப்டாப் ஒன்று என்னிடம் உண்டு. காலையில் ஆன் செய்துவிட்டுக் குளித்து, தலை துவட்டி, நாலு இட்லி சாப்பிட்டுத் திரும்பினால் அப்போதுதான் கண் விழித்திருக்கும். இதைப் பார்த்துப் பரிதாபப்பட்ட எங்கள் கம்ப்யூட்டர் செக்‌ஷன் பையன் ஒரு யோசனை சொன்னான்.

"டிவிடி டிரைவைக் கழற்றிடுங்க சார். அந்த இடத்துல ஒரு கேடியை உள்ளே தள்ளிரலாம்."

"எந்தக் கேடியை?" என்று பதறினேன்.

கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ இருக்குமே, அந்த ஆசாமி இல்லையாம். டிவிடி டிரைவ் அளவிலேயே இருக்கும் வெறும் சட்டம். அதற்குள் பழைய ஹார்டு டிஸ்கை உட்கார வைத்துவிட்டு, ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் புது எஸ்.எஸ்.டி.யைப் போடலாமாம். லேப்டாப்புக்கு மறுஜென்மம்!

பண்ணினோம். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, கவிழ்த்துப் போட்டால் வயிற்றில் ஒரே ஒரு ஸ்க்ரூ. பல லேப்டாப்புகளில் டிவிடி டிரைவைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒற்றை ஸ்க்ரூதான். அதை எடுத்தால் மேஜை டிராயர் மாதிரி டிரைவ் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. அதன் முகப்பு மூடியையும், பின்னால் இருக்கும் சின்னத் தகட்டையும் பெயர்த்துக் கேடிக்கு மாட்டி, உள்ளே தள்ளி, ஸ்க்ரூவை முடுக்கினால் தீர்ந்தது.

மறுநாள் லேப்டாப் இருபது வினாடியில் எழுந்து நின்றது. என் மனைவி, "இது நம்ம பெட்டிதானா?" என்று சந்தேகமாகப் பார்த்தாள். கழற்றிய டிரைவைப் பழைய பேப்பர்காரர் எடைக்குப் போட்டுக்கொண்டு போனார். பேரீச்சம்பழம்கூடத் தரவில்லை.

ஆடி மாசம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, என் கல்யாண டிவிடி இருக்குல்ல, அதை உன் பெட்டியில போட்டுக் காட்டணும்டா. ஆடிப் பூரத்துக்கு அம்மாவும் வருது. பாப்பா, தாத்தாவைப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம்."

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 2009-ல். மறு வருஷம் அப்பா தவறிவிட்டார். பாப்பா பிறந்தது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. அவளைப் பொறுத்தவரை தாத்தா என்றால் வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கி, மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற ஒரு மிரண்ட முகம். அப்பா நடந்து, சிரித்து, பேசுகிற படம் உலகத்திலேயே அந்த ஒரு டிவிடியில்தான் இருக்கிறது.

"அதுக்கென்னக்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு லேப்டாப்பின் விலாவில் கை தன்னால் போய் அமுக்கியது. ஒன்றும் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? உள்ளே இருப்பது கேடி!

ஆபீசில் ஒவ்வொரு மேஜையாக விசாரித்தேன். எல்லாம் அப்பளம் மாதிரி மெல்லிசு லேப்டாப்புகள். 2008-லேயே ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஆபீஸ் கவருக்குள்ளிருந்து ஒரு மேக்புக் ஏரை உருவிக் காட்டினாரே, அன்றைக்கே அதில் டிஸ்க் டிரைவ் கிடையாது. மற்ற கம்பெனிகளும் மெல்ல அதே வழிக்கு வந்துவிட்டன. கல்யாணத்தை எடுத்த வீடியோக்காரரைப் பிடித்தேன். "நான் இப்ப ட்ரோன்ல எடுக்கேன் அண்ணாச்சி. பழசையெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு" என்றார், வெகு சந்தோஷமாக.

யோசித்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சிடி கடைக்கு வந்தது 1982-ல், டிவிடி 1996-ல். கிரேட்டர் நொய்டாவில் மோசர்பேயர் என்று ஒரு கம்பெனி டிஸ்க்காக அடித்துத் தள்ளியது. மலிவு விலையில் அது போட்ட தமிழ்ப் பட டிவிடிகளை வாங்கி அடுக்கியவர்களில் நானும் ஒருவன். 2018-ல் அந்தக் கம்பெனியையே கலைக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. சோனி நிறுவனம் பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க்குகள் தயாரிப்பதை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆனால் கல்யாணங்கள் எல்லாம் இன்னும் பீரோவுக்குள் டிஸ்க்கில்தானே இருக்கின்றன? சாவியை எடைக்குப் போட்டுவிட்டுப் பூட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

தென்காசி ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு ரிப்பேர் கடை. கடைத் தம்பி ஒரு செருப்பு டப்பாவைக் கவிழ்த்தார். நாலைந்து பழைய டிரைவ்கள் விழுந்தன.

"எது வேணும்ண்ணே?"

"எதுவானா என்ன? எல்லாம் ஒண்ணுதானே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றில்லையாம். முதல் டிரைவ் உள்ளே போய்ச் சீட்டு கிடைக்காத பயணி மாதிரி ஆடியது. லேப்டாப் டிரைவ்களில் 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என்று இரண்டு தடிமன் அதிகம் புழக்கத்தில் உண்டு. என்னுடையது தடியன். வந்தது ஒல்லி. இரண்டாவது, தடிமன் சரி, ஆனால் பின்பக்க இணைப்பு ஐ.டி.ஈ. என்கிற பழைய வகை. என் பெட்டிக்கு வேண்டியது சாட்டா. ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம் இருந்து ரஜ்ஜு தட்டுகிற மாதிரி.

மூன்றாவது கச்சிதமாகப் பொருந்தியது. தம்பி ஒரு பாட்டு சிடியைப் போட்டார், பாடியது. டிவிடியைப் போட்டார், ஊமை.

"சிடிக்கும் டிவிடிக்கும் வேற வேற லேசர்ண்ணே. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. இதுல ஒண்ணு அவுட். இப்படி ஒண்ணைப் படிச்சு ஒண்ணைப் படிக்காம இருந்தா டிஸ்க்கைக் குறை சொல்லக்கூடாது."

லென்சைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, குழந்தைக்குக் கண் துடைக்கிற மாதிரித் துடைத்தும் பார்த்தார். அசையவில்லை. நாலாவது டிரைவ்தான் இரண்டையும் படித்தது. நானூறு ரூபாய். கேடி வெளியே, டிரைவ் உள்ளே, ஒரே ஒரு ஸ்க்ரூ!

கிளம்பும்போது தம்பி அந்த ஒல்லி டிரைவை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, யு.எஸ்.பி. வயரோடு நீட்டினார். "எதுக்கும் இதையும் கொண்டு போங்க. ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொண்ணு சில சமயம் படிச்சிரும்."

"அப்படின்னா... லேப்டாப்பைக் கழற்றாமலே இதை வெளியில மாட்டிப் படிக்கலாமா?"

"தாராளமா. நீங்க எடைக்குப் போட்டீங்களே, அதைக்கூட இந்த மாதிரி உறையில போட்டிருக்கலாம்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா தம்பி?"

"நீங்க கேக்கலையேண்ணே!"

அசடு வழிய பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். லேப்டாப்பை மடியில் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனேன்.

மடவார் வளாகம் பக்கம் அக்கா வீடு. மாடி அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். டிவிடியை எங்கே வைத்திருந்தாள் தெரியுமா? பீரோவின் தலையில்! நமக்கே அங்கே மூளை உருகும். வீட்டில் எழுதுகிற டிவிடியில் படம் பதிந்திருப்பது ஒரு சாயப் பூச்சில். சூடும் வெயிலும் அதற்கு எமன். பாப்பா முந்தானையால் வட்டமாகத் துடைக்க வந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத்தான் துடைக்க வேண்டும். பதிவு சுருளாக ஓடுவதால், வட்டக் கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் நிறையப் போய்விடும்.

போட்டேன். ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். பின்னால் நயாகரா. அப்புறம் தாஜ்மகால். எல்லாரும் சிரித்தோம். மாப்பிள்ளை அழைப்பு பாதியில் படம் நின்றது. அத்தான் கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. சிரிப்பும் நின்றது.

கெட்டுப்போகிற டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கக் கூடாது, முதலில் காப்பி எடுக்க வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார். கல்யாண டிவிடிக்குள் 'வீடியோ டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு துண்டான ஃபைல்கள். ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒன்று வந்தது. இரண்டாவதும் தட்டுத்தடுமாறி வந்தது. மூன்றாவது பாதியில் முரண்டு பிடித்தது. அப்பா பேசுகிற இடம் அதில்தான். அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒல்லி டிரைவை மாட்டினேன். கர்ர்... கர்ர்... என்று முனகியது. நின்றது. மறுபடி முனகியது. இருபது நிமிஷம் கழித்து மூன்றாவது ஃபைல் முழுசாக வந்துவிட்டது!

மண்டபம். மேளம் ஓய்கிறது. வெள்ளை வேட்டியில் அப்பா. மைக்கை இரண்டு தட்டுத் தட்டுகிறார். "ஹலோ... ஹலோ... எல்லாருக்கும் வணக்கம். பந்தி நடக்குது. சாப்பிடாம யாரும் போயிராதீங்க." அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட இல்லை.

"மாமா, தாத்தா குரல் அப்படியே உங்க குரல்!" என்றாள் பாப்பா.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுடா" என்றாள். ஏழு தடவை போட்டேன்.

இப்போது அந்த அரை நிமிஷம் அக்கா போனில், என் எஸ்.எஸ்.டி.யில், அம்மா டிவியில் சொருகுகிற பென் டிரைவில் என்று மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது. லேப்டாப்பை மாற்றலாம், டிரைவை நானூறு ரூபாய்க்கு வாங்கலாம். அந்த "ஹலோ... ஹலோ..."வை எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே நண்பர்களே, எதையும் கழற்றி எறிகிற முன் இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து டிஸ்க்கையெல்லாம் காப்பி எடுத்துவிடுங்கள்.

வரும்போது அக்கா அரைக் கிலோ பால்கோவா கொடுத்தாள். பால்கோவா கெட்டால் வாசனையிலேயே தெரிந்துவிடும். டிஸ்க் கெட்டது, ஆசையாகப் போட்டுப் பார்க்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

பின்குறிப்பு: வேகம் வேண்டியிருப்பதால் கேடி மறுபடி உள்ளே போய்விட்டது. டிரைவ் இப்போது உறைக்குள், வெளியே... ஜாமீனில்!