சோதனைப் பட்டைக்கும் வேண்டும் ஹால்மார்க்

கோவை ராஜ வீதியில் நகை வாங்குவோர் முதலில் தேடுவது ஹால்மார்க் முத்திரையைத்தான். தங்கத்தின் தரத்தைக் கண்ணால் அறிய இயலாது என்பதால், 2021 ஜூன் முதல் அம்முத்திரையை மத்திய அரசு படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஆனால், நம் உடல்நலத்துக்குச் சான்று கூறும் இன்னொரு தங்கத்துக்கு அத்தகைய முத்திரை உண்டா?

கருத்தரிப்பு, டெங்கு, கரோனா ஆகியவற்றைச் சில நிமிடங்களில் காட்டும் காகிதப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் சிவப்புக் கோடு தங்கத்தால் ஆனது. ஏறத்தாழ 40 நானோமீட்டர் அளவுக்கு நுண்துகளாக்கினால் தங்கம் மஞ்சளாக இராது, சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே ஆராய்ந்த உண்மை இது. நோய்க்கூறைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை அத்துகள்களின் மீது பூசுகின்றனர். மாதிரியில் அந்நோய்க்கூறு இருந்தால், அதைச் சுமந்து செல்லும் துகள்கள் பட்டையின் கோட்டில் சிக்கிக் குவிந்து சிவப்பாகப் புலப்படுகின்றன.

ஒரு பட்டையிலுள்ள தங்கத்தின் விலை மிக அற்பம். துகள்களின் சீரான அளவும் எதிர்ப்புரதத்தின் துல்லியமுமே அதன் உண்மையான மதிப்பு. அவற்றை வாங்குபவரால் பார்த்தறிய முடியாது.

2020-இல் இதற்கு நாம் விலை கொடுத்தோம். சீனாவிலிருந்து 245 ரூபாய்க்கு இறக்குமதியான விரைவுப் பரிசோதனைக் கருவி, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கு 600 ரூபாய்க்கு விலை பேசப்பட்டது தில்லி உயர்நீதிமன்ற வழக்கில் வெளிப்பட்டது. களத்தில் அக்கருவிகளின் முடிவுகள் பெரிதும் வேறுபட்டதால், ஏப்ரல் 27-இல் அவற்றின் பயன்பாட்டை நிறுத்துமாறு கவுன்சில் மாநிலங்களை அறிவுறுத்தியது.

விற்பவர் அறிந்த தரத்தை வாங்குபவர் அறியாத சந்தையில், மட்டமான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்று பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். அதிக விலையும் அங்கே தரத்துக்குச் சான்றாகாது. மருத்துவக் கருவிகளுக்கான 2017-ஆம் ஆண்டு விதிகள் உரிமத்தைக் கட்டாயமாக்குகின்றன. எனினும், ஒருமுறை பெறும் உரிமம் மட்டும் போதாது. அரசு கொள்முதல் செய்யும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து மருத்துவமனைகளில் சோதித்து, முடிவை வெளியிட வேண்டும்.

இப்பணிக்குக் கோவை பொருத்தமான நகரம். வேளாண் பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் நானோ தொழில்நுட்பத் துறைகள் உள்ளன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராஜ திராவகத்தில் தங்கத்தைக் கரைத்துச் சுத்திகரிக்கும் தொழிலும் இங்குண்டு. நுண்துகள் தயாரிப்பின் தொடக்கமும் அக்கரைசலே. இவற்றை ஒருங்கிணைத்து ஒரு தரச் சோதனை மையத்தை மாநில அரசு இங்கே அமைக்கலாம்.

நகையில் தரம் குறைந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். பட்டை தவறினால், காய்ச்சலோடு வந்தவர் நோயில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார்.