தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து

ஜவ்வாது மலைக் குக்கிராமங்களின் பெண்களாகிய நாங்கள் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். மலையில் குடியிருப்பது ஒரு தாயின் சாவுக்கோ, அவள் பெற்ற பிள்ளையின் சாவுக்கோ காரணமாகக் கூடாது. இதுவே எங்கள் கொள்கை.

2018–20 கணக்குப்படி, உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் இறந்த தாய்மார் 97 பேர்; தமிழ்நாட்டில் 54. கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்பும் 108 வண்டியும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. அதை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் மாநிலச் சராசரியில் மலை தெரிவதில்லை. தார்ச்சாலை முடிந்த இடத்தில் 108 நின்றுவிடும். அதற்கு மேல் டோலிதான்: கழியில் கட்டிய துணி, தோள் மாற்றித் தூக்கும் ஆண்கள், மழை பெய்தால் வழுக்கும் தடம். பிள்ளை பெற்றபின் உதிரப்போக்கு நிற்காதவளால் அவ்வளவு நேரம் தாங்க முடியாது. ரத்தசோகையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நாள் நெருங்கியதும் வந்து தங்குவதற்கென்று மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தினார்கள். வரத் தயங்குபவளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். மூத்த பிள்ளைக்கு யார் சோறாக்குவது, ஆட்டை யார் ஓட்டுவது, துணைக்கு வரும் புருஷனின் கூலிக்கு என்ன வழி? இதற்கு ஊர்தான் பதில் சொல்ல முடியும். அவள் திரும்பும்வரை அடுப்பையும் ஆட்டையும் முறைவைத்து நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

ஊர்ப் பெண்களால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியைப் பார்க்கட்டும். மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் கிராமத்துப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட ஊர்களைவிட அங்கே பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்ததை 1999இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. நாங்களும் கற்போம். பிறந்த பிள்ளையின் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவோம். 60ஐத் தொட்டால் மறுபடி எண்ணுவோம், அப்போதும் குறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவோம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்ட விடமாட்டோம். பிறந்த அன்றே குளிப்பாட்ட விடமாட்டோம். எடை குறைந்த பிள்ளையைத் தாயின் மார்போடு, தோலோடு தோலாக அணைத்துக் கட்டுவோம்.

இந்த வேலைக்கு ஊருக்கு ஒருத்திக்கு முறையான பயிற்சியும் மாதச் சம்பளமும் வேண்டும். சேவை என்று பெயர் வைத்துக் கூலியைத் தட்டிக்கழிப்பதை ஏற்கமாட்டோம். பிரசவத்தில் ஒருத்தி இறந்தால், மாவட்ட ஆட்சியர் நடத்தும் தாய் மரண ஆய்வில் அவள் ஊர்ப் பெண் ஒருத்திக்கும் இடம் தர வேண்டும். டோலி எப்போது கிளம்பியது, எங்கே நின்றது என்பதை அவள் எடுத்துச் சொல்வாள். அது பதிவேட்டில் ஏற வேண்டும்.