பிள்ளைக்கு மட்டும் ஏன் தனித்தட்டு?

அண்மையில் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, ஒரு வீட்டில் இரவு உணவுக்கு அமர்ந்தோம். மேசையில் பரோட்டாவும் கோழிக் குழம்பும். அருகில் பெரிய குளிர்பானப் புட்டி. பதினொரு வயது மூத்த மகன் முன்னால் மட்டும் இரண்டு சப்பாத்திகளும் சில வெள்ளரித் துண்டுகளும். தம்பி அவனுக்குக் காட்டிக் காட்டித் தின்றான். "சாமி, இவனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள். வாயைக் கட்டமாட்டேன் என்கிறான்" என்றார் தாய். நாமும் சிரித்துக்கொண்டே புத்தி சொன்னோம். பையன் தலை நிமிரவில்லை. அன்று நாம் செய்தது தவறு. அதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

நாம் இளமையில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழினுள் போசனப்பிரியமும் சோம்பலும் உண்டு. உடல் பருத்த பிள்ளையைக் கண்டதும் இவ்விரண்டையும் அவன்மேல் சுமத்திவிடுகிறோம். மாதச் சாமான் பட்டியலை எழுதியது அவனா? குளிர்பானத்தை வாங்கி வந்தது அவனா? அழுகையை அடக்க இனிப்பையும், மதிப்பெண்ணைப் பாராட்டப் பொரித்த கோழியையும் கொடுத்துப் பழக்கியது யார்? பருமனில் பரம்பரைக்கும் பெரும் பங்கு உண்டென்று மருத்துவம் சொல்கிறது. அவனாகத் தேர்ந்துகொள்ளாத உடற்கூறுக்கும், அவனாக அமைக்காத சமையலறைக்கும் அவனையே குற்றவாளியாக்குவது எந்த நீதி?

இது ஏதோ சில வீடுகளின் கதையன்று. உலகில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் 2022-இல் மிகை எடையுடன் இருந்தனர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மிகை எடையுள்ளோர் 2015-16-இல் 2.1 விழுக்காடு, 2019-21-இல் 3.4 விழுக்காடு. ஊட்டமின்மை இன்னும் தீராத அதே நாட்டில்தான் இதுவும் வளர்கிறது.

தீர்வு எங்கே? அமெரிக்க உளவியல் அறிஞர் லெனார்ட் எப்ஸ்டீன், பருமனான 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1990-இல் முடிவை வெளியிட்டார். உணவு, உடற்பயிற்சி பற்றிய பயிற்சி எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றே. ஒரு குழுவில் பெற்றோர், பிள்ளை இருவரின் மாற்றமும் ஊக்குவிக்கப்பட்டது. மற்றொன்றில் பிள்ளையின் மாற்றம் மட்டும். பத்தாண்டுகளின் பின், முதற்குழுப் பிள்ளைகளின் மிகை எடை அளவு 7.5 விழுக்காடு குறைந்திருந்தது. பிள்ளையை மட்டும் குறிவைத்த குழுவில் 4.5 விழுக்காடு கூடியிருந்தது. சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று; பெற்றோரும் மாற முன்வந்த இடத்தில்தான் அது நிலைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2023-இல் வகுத்த நெறிமுறையும் குடும்பத்தையே மையமாக்கி, 3 முதல் 12 மாதங்களில் குறைந்தது 26 மணி நேர நேரடி வழிகாட்டலைப் பரிந்துரைக்கிறது.

"மற்றவர்கள் ஒல்லியாகத்தானே இருக்கிறார்கள், அவர்கள் ஏன் வாயைக் கட்ட வேண்டும்?" என்பர் சிலர். சர்க்கரைப் பானம் ஒல்லியானவன் பல்லையும் சொத்தையாக்கும். ஒருவனுக்கு ஆகாதது வீட்டிலேயே இல்லையெனில், தம்பி காட்டித் தின்ன எதுவுமில்லை. அண்ணன் ஒளித்துத் தின்னவும் எதுவுமில்லை.

"பட்டினி போட்டால் இளைப்பான்" என்பர் வேறு சிலர். வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவது தீங்கு. எடை மேலும் கூடாமல் உயரம் வளர்வதே பல பிள்ளைகளுக்குப் போதிய முன்னேற்றம். அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். திருச்சபையின் உண்ணாநோன்புச் சட்டம்கூட 18 வயது நிரம்பியோரையே கட்டுப்படுத்துகிறது. திருச்சபை பிள்ளைமேல் சுமத்தாத நோன்பை நாம் சுமத்தலாமா? அதுவும் அவன் கண்முன் நாம் விருந்துண்டுகொண்டு!

'குண்டன்' என்ற கேலி திருத்தும் என்பது இன்னொரு மயக்கம். கேலிக்குள்ளாகும் பிள்ளை விளையாட்டுத் திடலை விட்டு விலகுகிறான். துயரத்தை ஆற்றத் தின்பண்டத்தையே நாடுகிறான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? என்ன சமைப்பது, எப்போது உண்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையின் பசி முடிவு செய்யட்டும். உண்ணும் வேளையில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓயட்டும். மாலையில் அவனை மட்டும் "போய் ஓடு" என்று விரட்டாமல், தந்தையும் உடன் நடக்கட்டும். பாராட்டுக்கு மிட்டாய் வேண்டாம். ஒரு பந்து வாங்கித் தரலாம். மறைக்கல்வி வகுப்பில் பரிசென்று சாக்லேட் வழங்கும் நாமும் இதில் திருந்த வேண்டியவர்களே. இரு வேலை பார்த்துக் களைத்து வரும் பெற்றோருக்கு இது எளிதன்று என அறிவோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அந்தப் புட்டியை வாங்காமல் விடுவதில் தொடங்கலாம்.

அந்த வீட்டுக்கு மீண்டும் செல்லவிருக்கிறோம். முதலில் அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்போம். பிறகு அவன் தாயிடம் ஒன்று வேண்டுவோம்: அவனுக்கு எதைப் பரிமாறுகிறீர்களோ, அதையே எல்லாருக்கும் பரிமாறுங்கள்; எமக்கும் அதுவே போதும்.