கிளிப் போடுமுன் முழுக் கணக்கையும் கேளுங்கள்

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். இன்று இந்த முத்துநகரில் முத்து என்ற சொல் அதிகம் கண்ணில் படுவது பல் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளில்தான். முழுஆண்டுத் தேர்வு முடிந்தால் போதும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பல்லுக்குக் கிளிப் போடுவது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. தவணைத் தொகையைச் சொல்பவர்கள், அதோடு சேர்ந்துவரும் பாடுகளை முதல் நாளே சொல்வதில்லை என்பதுதான் என் வழக்கு. துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். சீட்டில் விட்டுப்போன வரிதான் முதலில் கண்ணை உறுத்தும்.

பல் சும்மா நகர்ந்துவிடாது. கம்பியின் அழுத்தத்தில் ஒருபக்க எலும்பு கரைந்து, மறுபக்கம் புது எலும்பு வளர வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதனால்தான் ஒன்றரை, இரண்டு வருடம் இழுக்கிறது. இடம் போதாவிட்டால், சொத்தையில்லாத நல்ல பற்களையே நான்கு வரை பிடுங்கச் சொல்வார்கள். சிலருக்கு வேரின் நுனி கொஞ்சம் கரைந்து குட்டையாகும். அது எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

அடுத்தது சாப்பாடு. என் மகளுக்குக் கிளிப் போட்ட பிறகு எங்கள் வீட்டில் சாளைக் குழம்பு வைக்கவே யோசிக்க வேண்டியதாயிற்று. பொடி முள் கம்பிக்கும் ஈறுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் கண்ணாடி முன் வாயைத் திறந்து நிற்க, அவள் அம்மா செல்போன் வெளிச்சத்தில் குட்டி பிரஷ்ஷால் அதைத் துழாவி எடுப்பாள். கோவில்பட்டி கடலைமிட்டாயைக் கடித்தால், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயர்ந்து கையோடு வரும். மக்ரூன் மெத்தென்று கரைந்துவிடும்தான். ஆனால் அந்தச் சர்க்கரை பிராக்கெட்டைச் சுற்றி அப்பிக்கொள்ளும். சரியாகத் துலக்காவிட்டால் ஒரே மாதத்தில்கூட எனாமலில் வெள்ளைத் தழும்பு விழத் தொடங்கும். கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு பல்லிலும் அந்தத் தழும்பும் இருக்கும்.

கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரும்பாலும் அதற்குக் காரணம் நிக்கல். பல்லை இழுக்கும் நிக்கல்-டைட்டானியக் கம்பியில் ஏறக்குறையப் பாதி நிக்கல்தான். வாய்க்குள் ஒவ்வாமை வருவது அபூர்வம், ஆனாலும் வரும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. இங்கே வீட்டுக்கு வீடு யாராவது கடலுக்குப் போகிறவர்கள். என் அக்கா மகன் கப்பல் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கிளிப் போட்டுக்கொண்டான். மாதாமாதம் போய்க் கம்பியைச் சரிபார்க்க வேண்டிய வைத்தியம் அது; அவன் ஒப்பந்தமோ பல மாதம். நடுக்கடலில் கம்பி முனை பிய்த்துக்கொண்டு கன்னத்தைக் குத்தியது. சரக்குக் கப்பலில் பல் மருத்துவர் ஏது? மெழுகை உருட்டி முனையில் ஒட்டிக்கொண்டு, அடுத்த துறைமுகம் வரை கஞ்சி குடித்தான். தோணியில் மாலத்தீவுக்குப் போகிறவர்களுக்கும் இதே பாடுதான். காற்றுக்குழாயைப் பல்லால் கவ்விக்கொண்டு சங்கு குளிக்கிறவர்களின் உதட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் ஒத்துவராது.

எல்லாம் முடிந்து கழற்றினாலும் கதை முடிவதில்லை. பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை முதலில் இரவும் பகலும், பிறகு இரவில் மட்டும் வருடக்கணக்கில் போட வேண்டும். கல்லூரி விடுதியில் அதைத் தொலைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். மறுபடி செய்தால் மறுபடி காசு.

அவசியம் போட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கீழ்ப்பல் மேலண்ணத்தில் குத்துகிறவர்கள், கடித்து மெல்ல முடியாதவர்கள், துருத்திய முன்பல் விழுந்தால் உடையும் என்ற நிலையில் உள்ள பிள்ளைகள். இவர்களுக்கு இது அழகுச் செலவே அல்ல. ஆனால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு நாங்கள் சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ 2023இல் தொடங்கிய புதுக்கோட்டைக்கோ போக வேண்டும். மாதாமாதம் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்? தூத்துக்குடி அரசு மருத்துவமனையிலேயே இந்தச் சிகிச்சை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு தெத்துப்பல்லுக்காக, கல்யாண போட்டோவுக்காக அவசரப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பார்க்கிறவர் பல்சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று கேளுங்கள். எத்தனை பல் பிடுங்கப்படும், பிராக்கெட் பெயர்ந்தால் யார் செலவு, ஊரில் இல்லாத மாதங்களில் என்ன செய்வது, ரிட்டெய்னர் என்ன விலை என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிற இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.