கேபிளை அறுத்த சகோதரரே, கணக்குப் பார்த்தீர்களா?

"ஹஜ்ரத்! கேபிளை அறுத்தாச்சு. மாசம் 250 ரூபாய் மிச்சம்!"

தென்காசியில் இஷா முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "வீட்டில் எத்தனை செல்போன் பாய்?" என்று கேட்டேன். "நாலு" என்றார். "நாலுக்கும் சேர்த்து வருடத்துக்கு ரீசார்ஜ் எவ்வளவு?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஒரு மீட்டர் துணியில் எத்தனை ரூபாய் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். தம் வீட்டுச் செலவைச் சொல்ல முடியாமல் நின்றார்!

சகோதரர்களே! செங்கோட்டை, கடையநல்லூர் என்று நான் போகும் ஊரெல்லாம் இதே பேச்சுதான். "கேபிள் எதற்கு? எல்லாம்தான் செல்போனில் வருகிறதே!" கேபிளை விட்டு விலகுவதை நான் குறை சொல்ல வரவில்லை. விலகுங்கள். ஆனால் வியாபாரிக்குரிய புத்தியோடு விலகுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

முதலில் கேபிள் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சற்று நினைத்துப் பாருங்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. நம் பகுதியில் எத்தனை வீடுகளில் உம்மாக்களும் மனைவிமார்களும் அழுது கிடந்தார்கள்! நான் அப்போது சிறுவன். பி.பி.சி. தமிழோசை நேரம் வந்துவிட்டால் ரேடியோ உள்ள வீட்டுத் திண்ணையில் தெருவே கூடிவிடும். அந்தப் போர்க்காலத்தில்தான் டிஷ் வைத்து, வெளிநாட்டுச் செய்தியைக் கம்பி வழியாக வீடு வீடாகக் கொடுக்கும் தொழில் இந்தியாவில் வேகம் பிடித்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. 1995ல் கேபிளுக்கென்று தனிச்சட்டமே வந்துவிட்டது. நம் ஆலிம்கள் மிம்பரில் நின்று "ஷைத்தான் பெட்டி" என்று முழங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அதே பெட்டியில் ரமளான் ஸஹர் நேரத்தில் மார்க்கச் சொற்பொழிவுகளும் ஒளிபரப்பானதை இந்தச் சமுதாயம் பார்த்தது. (முழங்கியவர்களில் என் உஸ்தாதும் ஒருவர். பிறகு ஸஹர் நிகழ்ச்சியைத் தவறாமல் பார்த்தவர்களிலும் அவர் ஒருவர். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக!)

பிறகு அரசியல் புகுந்தது. 2007 அக்டோபரில் தி.மு.க. ஆட்சியில் அரசு கேபிள் டிவி நிறுவனம் தொடங்கப்பட்டு, சில காலத்திலேயே முடங்கியது. 2011 செப்டம்பர் 2ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். 90 சேனல்கள், மாதம் 70 ரூபாய்! அதில் 20 ரூபாய் அரசு நிறுவனத்துக்கு, 50 ரூபாய் ஆபரேட்டருக்கு. ஏழை வீட்டுக்கு அது பெரிய நிம்மதி. 2019 பிப்ரவரியில் டிராய் அமைப்பின் புதிய கட்டண முறை வந்தது. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. 70 ரூபாய் எங்கே போனது? போன இடம் தெரியவில்லை.

மக்கள் சலித்துப்போய்ச் செல்போன் பக்கம் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை. அதுவும் நம் வீடுகளில் டேட்டா ஏற்கெனவே இருக்கிறது. வாப்பா துபாயில், பிள்ளை சவூதியில். துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்பதால் அதற்கென்று வேறு செயலி வேறு. முகம் பார்த்துப் பேசுவதற்காகப் போட்ட டேட்டாவிலேயே நாடகமும் கிரிக்கெட்டும் ஓடும்போது கேபிளுக்கு ஏன் தண்டம் என்ற கேள்வி நியாயமானதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். பேனாவை எடுங்கள்.

2024 ஜூலையில் தனியார் செல்போன் நிறுவனங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் விலை ஏற்றின அல்லவா? அப்போது ஜியோவில் தினம் ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் திட்டம் 299 ரூபாய் ஆனது. 28 நாள் என்பதை மாதம் என்றுதான் நாம் வாய் தவறாமல் சொல்கிறோம். அது மாதமா? 365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 13 ரீசார்ஜ்! உங்கள் கடை வாடகையை 28 நாளுக்கு ஒருமுறை கேட்டால் கொடுப்பீர்களா? இங்கே கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். ஒரு போனுக்கு 3,887 ரூபாய். நாலு போனுக்கு 15,548. கேபிளுக்கு மாதம் 250 வீதம் 3,000. ஆக மொத்தம் 18,548 ரூபாய்.

கேபிளை அறுத்துவிட்டார் நம் சகோதரர். 3,000 மிச்சம்தானே? பொறுங்கள். சாதாரணத் தெளிவில் படம் ஓடினாலே மணிக்கு ஒரு ஜி.பி. அளவுக்குப் போகும். எச்.டி. தெளிவில் 3 ஜி.பி. வரை போகும். ஒன்றரை ஜி.பி. மஃரிபுக்கு முன்பே தீர்ந்துவிடும். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "வாப்பா, நெட் தீர்ந்துபோச்சு!" உடனே 2 ஜி.பி. திட்டம். அது அதே விலையேற்றத்தில் 349 ரூபாய். நாலு போனுக்கு 13 தடவை போட்டால் 18,148 ரூபாய். வருடம் முழுக்க மிச்சம் 400 ரூபாய்! அதையும் ஒரே ஒரு ஓ.டி.டி. சந்தா விழுங்கிவிடும்.

வேறு வழி இருக்கிறது. வீட்டுக்கு ஒரே ஒரு ஃபைபர் இணைப்பு. 399 ரூபாய்க்கு ஜி.எஸ்.டி. சேர்த்து மாதம் 471, வருடத்துக்கு 5,652. வெளியே சுற்றும் ஒருவர் போனில் மட்டும் டேட்டா, 3,887. வீட்டிலேயே இருக்கும் மூன்று போன்களுக்குப் பேச மட்டும் உள்ள திட்டம். அப்படி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. அதன்படி 2025 தொடக்கத்தில் 500 ரூபாய்க்குள் 84 நாள் திட்டங்கள் வந்தன. கடைக்காரர் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரு போனுக்கு வருடம் ஏறத்தாழ 2,000 என்று வையுங்கள், மூன்றுக்கு 6,000. கூட்டினால் 15,500 சொச்சம். இதுதான் நிஜமான 3,000 ரூபாய் மிச்சம். பழைய டிவியாக இருந்தால் அதில் இணையம் வரச் செய்யும் கருவி வாங்கவே முதல் வருட மிச்சம் போய்விடும், அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் வீட்டு ரசீதுகளை வைத்து இதே முறையில் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் இதையும் நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள்! இலவசம் என்ற தூண்டிலை நாம் எத்தனை முறை விழுங்கியிருக்கிறோம்! 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக வந்தது. பழைய நிறுவனங்கள் பல மூடிக்கொண்டு போயின. பிறகு விலை ஏறியது. 2023ல் ஐ.பி.எல். முழுவதும் ஜியோ சினிமாவில் இலவசம். நம் இளைஞர்கள் தராவீஹ் முடிந்தும் முடியாமலும் செல்போனோடு உட்கார்ந்தார்கள். 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் தங்கள் இந்தியத் தொலைக்காட்சித் தொழிலை ஒன்றாக்கின. 2025 பிப்ரவரியில் ஜியோ ஹாட்ஸ்டார் பிறந்தது. இலவச ஐ.பி.எல். முடிந்தது, சந்தா வந்தது. அமேசான் பிரைம் வருடச் சந்தா 2021 டிசம்பரில் 999லிருந்து 1,499 ஆனது. 2025 ஜூனில், பணம் கட்டியவனுக்கும் நடுவில் விளம்பரம். விளம்பரம் வேண்டாமா, அதற்குத் தனிக் காசு! கேபிள்காரர் இப்படிச் செய்திருந்தால் தெருவில் நிற்க வைத்துக் கேட்டிருப்போம். இவர்களை எந்தத் தெருவில் போய்க் கேட்பது?

ஆகவே வருடச் சந்தா கட்டாதீர்கள். தேவைப்படும் மாதம் கட்டுங்கள், முடிந்ததும் நிறுத்துங்கள். "ஆட்டோ பே" என்று ஒன்று இருக்கிறது, அதில் கவனம்! என் வீட்டிலேயே நடந்தது. பிள்ளை ஏதோ ஒன்றை ஒரு மாதம் இலவசம் என்று தட்டிவிட்டது. மூன்று மாதம் என் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தகவலும் வந்துதான் இருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் நான் அதைப் படிக்கவில்லை!

செய்தி மட்டும் போதும் என்பவருக்கு இந்தச் செலவும் வேண்டாம். தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை யூடியூப்பில் நேரலையாக இலவசமாகவே வருகின்றன. இணையமே இல்லாத வீடுகளுக்கு, குறிப்பாகத் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு, தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்க ஒருமுறை செலவு, மாதக் கட்டணம் கிடையாது. நமக்கு மலை மேற்கில் இருக்கிறது, டிஷ் தென்கிழக்கைப் பார்க்கும். எனவே குற்றால மலையடிவாரத்திலும் மறைப்பு இல்லை. சாரலுக்கு ஒன்றும் ஆகாது, பெருமழை கொட்டினால் சற்று நேரம் படம் நிற்கும். தமிழில் டிடி தமிழ் வரும், தனியார் தமிழ்ச் சேனல்கள் மிகக் குறைவு. இதைச் சொல்லாமல் வாங்க வைத்தால் உம்மா என்னைத்தான் திட்டுவார்கள்.

விலையை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாம் எதைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது யார்? 2018 ஜூனில் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை தொலைக்காட்சி மீது போலீஸ் வழக்குப் போட்டது. அரசு கேபிளில் அந்தச் சேனலின் வரிசை எண்ணும் பின்னுக்குத் தள்ளப்பட்டதாகப் புகார் எழுந்தது. 2022 ஜனவரி கடைசியில் நம் எல்லைக்கு அப்பால், கேரளத்தில், மீடியா ஒன் சேனலின் ஒளிபரப்பை மத்திய அரசு நிறுத்தியது. காரணம் சீலிட்ட உறையில்! சேனல்காரர்களுக்கே காரணம் சொல்லப்படவில்லை. 2023 ஏப்ரல் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. கம்பி வழியாக வந்தாலும் வானத்திலிருந்து வந்தாலும் திருகு அவர்கள் கையில்தான். செல்போனில் வந்தால் மட்டும் நம் கையிலா? 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் அதற்கும் அரசிடம் திருகைக் கொடுத்திருக்கின்றன. பாக்கித் திருகு ஓரிரு பெருமுதலாளிகளிடம். ஒரே வழியை நம்பியிருக்கும் வீடு ஒரே நாளில் இருட்டாகிவிடும் என்பதால்தான், ஒரு வீட்டில் இரண்டு வழியாவது இருக்கட்டும் என்கிறேன். ரேடியோவையும் தூக்கிப் போடாதீர்கள்.

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சீசனில் வருகிற விருந்தினர் முதலில் கேட்பது "வைஃபை இருக்கா?" என்றுதான். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் அறையிலேயே அடைந்து கிடப்பவர் டிவியும் கேட்பார். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய ஒரே ஓ.டி.டி. கணக்கைப் பத்து அறைக்கும் பரப்பிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. டெலிகிராமில் திருட்டுப் படம் இறக்கிக் கொடுப்பதும் நடக்கிறது. எடையில் கை வைக்காத நாம் இதில் மட்டும் கை வைக்கலாமா? வாங்கும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனையும் அமானிதம்தானே? வைஃபையைக் கொடுங்கள், அவரவர் கணக்கில் அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, கேபிள்காரர். அவரை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் கேபிளைப் பற்றிப் பேசுகிறோம். அவர் யார்? பெரும்பாலும் நம் தெருப் பையன். சவூதியிலிருந்து திரும்பி வந்து, கையிலிருந்த காசைப் போட்டுக் கம்பி இழுத்தவர்களும் அதில் உண்டு. ஆனியாடிக் காற்றில் கம்பி அறுந்தால் இரவு பத்து மணிக்கு ஏணியோடு வந்து நிற்பவர். 2022 நவம்பரில் மென்பொருள் நிறுவனத் தகராறில் அரசு கேபிள் முடங்கியபோது, சென்னையில் நடந்த தவறுக்கு வீட்டு வாசலில் ஏச்சு வாங்கியவர். இன்று வாரத்துக்கு நாலு பேர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.

அவரைப் பார்த்து இரக்கப்பட்டுக் கேபிள் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. தொழிலுக்கு இரக்கம் முதலாகாது. ஆனால் அவரிடம் கம்பம் ஏறத் தெரிந்த ஆள் இருக்கிறது, தெருவின் ஒவ்வொரு வீடும் தெரியும், வசூலும் தெரியும். ஃபைபர் இணையம் கொடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பல ஊர்களில் கேபிள்காரர்கள் ஏற்கெனவே இணையம் கொடுக்கும் நிறுவனங்களோடு சேர்ந்து அதைச் செய்து வருகிறார்கள். நம் ஊர் ஆபரேட்டர்கள் நாலைந்து பேர் தனித்தனியே அடித்துக்கொள்ளாமல் ஒன்று சேர்ந்து ஒரே இணைப்பு வாங்கிப் பங்கிட்டால் விலை இன்னும் குறையும். ஜமாஅத்தில் முதல் வைத்திருப்பவர்கள் பங்கு போடலாம், வட்டி வேண்டியதில்லை.

அந்த ஜவுளிக்கடைச் சகோதரர் மறு வாரம் என்னிடம் வந்தார். கையில் ஒரு துண்டுத்தாள். நாலு போனின் ரீசார்ஜையும் கூட்டி எழுதியிருந்தார். "ஹஜ்ரத், இது கடையில் இரண்டு மாச கரண்ட் பில்!" என்றார். அவருடைய பழைய கேபிள்காரரே ஃபைபர் போட வருகிறாராம், வியாழக்கிழமை.