பழைய இசைப்பெட்டியும் பதிப்பாசிரியர் கடமையும்

பரணிலே தூசி படிந்து கிடந்த கிராமபோன் பெட்டியை இறக்கித் தாமே திருத்திப் பாடச் செய்ய வேண்டும் என்னும் ஆர்வம் நம்மவர் சிலருக்கு உண்டாதல் மகிழ்ச்சிக்குரியது. ஆயின், ஆர்வமுடையார் பலரும் முதலிற் செய்வது யாது? பித்தளைக் குழலைப் பளபளக்கத் துலக்குவர். மரப்பெட்டிக்குப் புதிய வார்னிசு பூசுவர். இயங்காத பாகங்களைக் கழற்றி எறிவர். முடிவில் அப்பெட்டி விறாந்தையில் வைக்கும் அலங்காரப் பொருளாகின்றது. வாய் மட்டும் திறப்பதில்லை. இதனைத் திருத்தம் என்று சொல்ல எமக்கு மனம் ஒருப்படவில்லை.

பழையதைத் திருத்தும் முறையை நாம் பிறரிடம் சென்று கற்க வேண்டியதில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) சிதைந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். நல்ல பதிப்பாசிரியர் ஏட்டில் உள்ளதை முதலில் உள்ளவாறே படிப்பர். தம் அறிவின் எல்லையை அறிவர். சிதைந்த அடியைத் தம் கற்பனையால் நிரப்பார். கிராமபோனைத் தொடும் புதியவருக்கும் இம்மூன்றுமே விதிகள்.

முதலாவது, உள்ளதை அறிதல். ஓர் ஆணியைக் கழற்றுமுன் ஒளிப்படம் எடுத்துக்கொள்க. கழற்றியவற்றை வரிசைப்படுத்தி எழுதி வைக்க. பெட்டி இயங்காமைக்குப் பல வேளைகளிற் காரணம் முறிவன்று, காலத்தால் இறுகிய கிறீசே. அதனை மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்துப் பற்சக்கரங்களுக்குப் புதுக் கிறீசும், வேகத்தை அடக்கும் குண்டுகள் சுழலும் அச்சுக்குத் தையலியந்திர எண்ணெய் ஒரு துளியும் இட்டாலே பல பெட்டிகள் உயிர்பெறும்.

இரண்டாவது, எல்லை அறிதல். வில்லின் முறுக்கு முழுவதும் தளர்ந்த பின்னரே உள்ளியந்திரத்தைக் கழற்றுக. அவ்வெஃகுவில் அடைபட்டிருக்கும் உருளையைப் புதியவர் திறத்தலாகாது. வில் விசையோடு பாய்ந்து கையை வெட்டிவிடும். அதனைத் தேர்ந்த கைவினைஞரிடம் விடுக.

மூன்றாவது, வேண்டாததை மாற்றாமை. ஊசி பொருத்தும் ஒலிப்பெட்டியில் மைக்காத் தகட்டைச் சுற்றியுள்ள இறப்பர் வளையம் கல்லாக இறுகியிருப்பின் அதனை மாற்றுக. தகடு நன்றாயிருப்பின் அதனைத் தொடாது விடுக. எல்லாம் பூட்டிய பின், தட்டின் அடியில் ஓரத்தே நீட்டிக்கொண்டிருக்குமாறு ஒரு கடதாசித் துண்டைச் செருகி, பாடும்போது அது நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகின்றது என எண்ணுக. 78 ஆயின் வேகம் செம்மையாயிற்று.

ஆயினும், பெட்டி உரைபோன்றது, மூலம் இசைத்தட்டே. அக்காலத் தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. மதுசாரம் பட்டால் அவ்வரக்குக் கரையும். வெயில் பட்டால் தட்டு வளையும். எஃகு ஊசி ஒன்றை ஒரு பக்கத்துக்கு மேற் பயன்படுத்தலாகாது. தேய்ந்த ஊசி தட்டின் வரிகளை உழுதுவிடும். பிற்காலத்து வைனில் தட்டுகளை இப்பெட்டியில் ஏற்றவே கூடாது. புதிய ஊசியுங்கூட ஒவ்வொரு முறையும் தட்டைச் சிறிது தேய்க்கவே செய்கின்றது. பாடவைக்கும் பெட்டியே பாட்டைத் தின்னவும் செய்யும். ஆதலின், அரிய தட்டாயின், பாரங்குறைந்த ஊசியுடைய இக்கால மின்கருவியில் முதலிற் பிரதி எடுத்துவைத்த பின்னரே பழைய பெட்டியில் ஏற்றுக. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

கைபேசியிலே பாட்டெல்லாம் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு எனச் சிலர் வினவலாம். எல்லாப் பாட்டும் கிடைப்பதில்லை என்பதே விடை. கொழும்பு மேடையிலே கே. பி. சுந்தராம்பாளுடன் நடித்த எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இளமையிலேயே மறைந்தார். அவர் பேசும்படத்தில் நடித்தவரல்லர். அவர் குரல் நமக்கு எஞ்சியது இசைத்தட்டாலேயே. அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ஏழு சீருக்குள் குறள் அடங்கியவாறு அச்சிறு பொழுதுக்குள் வித்துவான்கள் தம் கலையை அடக்கினர். அவர்களுள் புகழ் பெறாதார் பாடியவை எந்தப் பரணிற் கிடக்கின்றனவோ யார் அறிவார்?

நமக்கு இது வெறும் பொழுதுபோக்கு விடயமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; ஏடுகளும் உடன் அழிந்தன. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது வீட்டோடு விட்டுச் சென்றவற்றுள் எவை மீண்டன என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். இவற்றுக்குத் தப்பிய ஒரு தட்டை நம் அவசரத்தாலே கெடுத்தால் அதற்கு வேறு யாரையும் நோவதற்கில்லை. மின்சாரமற்ற தொண்ணூறுகளில் துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். நம் கைகளுக்கு இவ்வேலை அரிதன்று. பொறுமையே வேண்டுவது.

பள்ளிக்கூடந்தோறும் மாணவர் தம் ஊரில் எஞ்சியுள்ள தட்டுகளின் பாட்டு, பாடியவர், தட்டின் இலக்கம் ஆகியவற்றைக் குறித்து ஒரு பட்டியல் ஆக்குதல் நன்று. ஆசிரியர் ஒருவர் முன்னின்றால் ஒரு தவணைக்குள் முடியக்கூடிய பணி இது.